ஷட்ஜம் இல்லாத எட்டு ஸ்வரங்கள்: ஜாஸ் மனோதர்மத்தில் டிமினிஷ்ட் ஸ்கேல்

சிட்னியின் மேற்குப் புறநகர்களில், பிளாக்டவுன், செவன் ஹில்ஸ், டூங்காபி, வென்ட்வர்த்வில் பக்கம் வளரும் நம் பிள்ளைகளில் பலர் இரண்டு சங்கீதங்களுக்கு நடுவே வளர்கிறார்கள். வார இறுதியில் வாய்ப்பாட்டோ வயலினோ மிருதங்கமோ; வார நாட்களில் பள்ளி வாத்தியக் குழுவில் சாக்ஸபோனோ டிரம்பெட்டோ. முதல் சில வருடங்கள் இரண்டுக்கும் சண்டை வருவதில்லை. மேஜர் ஸ்கேல் என்றால் சங்கராபரணம், டோரியன் என்றால் கரகரப்ரியா, மிக்ஸோலிடியன் என்றால் ஹரிகாம்போதி என்று பெற்றோரும் பிள்ளையும் ஒரு அகராதி போட்டுக்கொண்டு சமாளித்துவிடலாம். பிள்ளை ஜாஸ் குழுவுக்குப் போய், தனி வாசிப்புக்கு எழுந்து நிற்கவேண்டிய வயது வரும்போதுதான் அகராதி தடுமாறுகிறது. டிமினிஷ்ட் ஸ்கேல் என்று ஒரு தாளைக் கொண்டுவந்து, இது என்ன ராகம் என்று கேட்டால், எழுபத்திரண்டில் எங்கே தேடினாலும் அது கிடைக்காது.

ஏன் கிடைக்காது என்பதையும், ராகமாக இல்லாத அந்த வஸ்து ஜாஸில் என்ன வேலை செய்கிறது என்பதையும் கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுகளுக்குப் புரிகிற விதத்தில் சொல்ல முடியுமா என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்கத்திய ஸ்வரக்குறிப்பு தெரிந்திருக்கவேண்டிய அவசியமில்லை. ஸ ரி க ம தெரிந்தால் போதும். பக்கத்தில் ஒரு கீபோர்டு இருந்தால் இன்னும் நல்லது.

அமைப்பு எளிமையானது. ஸட்ஜத்தில் ஆரம்பித்து ஒரு அரை ஸ்வரம் ஏறுங்கள், பிறகு ஒரு முழு ஸ்வரம், மறுபடி அரை, மறுபடி முழு என்று மேல் ஸட்ஜம் வரை போங்கள். கிடைப்பது ஸ ரி1 க2 க3 ம2 ப த2 நி2. மொத்தம் எட்டு ஸ்வரங்கள். (முழு ஸ்வரத்தில் ஆரம்பித்து அரை, முழு என்று போனால் இதன் இரட்டைப் பிறவி கிடைக்கும்: ஸ ரி2 க2 ம1 ம2 த1 த2 நி3. இதில் பஞ்சமமே கிடையாது.) முதல் வடிவத்திலிருந்து க2வை நீக்கினால் மீதமிருப்பது 52ஆவது மேளமான ராமப்ரியா. க3ஐ நீக்கினால் 46ஆவது மேளமான ஷட்விதமார்க்கிணி. ஆக, ஒரே தட்டில் இரண்டு மேளங்களைக் கொட்டினால் டிமினிஷ்ட் ஸ்கேல் வந்துவிடுகிறது. இதைப் பார்த்ததும் "எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான்" என்று ஒரு மின்னஞ்சல் தட்டிவிட நம்மில் பலருக்குக் கை துறுதுறுக்கும். சற்றுப் பொறுக்கலாம்.

பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த திட்டத்தில் ஒவ்வொரு மேளத்துக்கும் ஏழு ஸ்வரங்கள். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரே ஒரு வடிவம். எட்டாவது ஆளுக்கு அங்கே நாற்காலி இல்லை. ஆனால் இது மட்டுமே காரணம் என்று சொன்னால் சரியாகாது. ஒரே ஸ்வரத்தின் இரண்டு வடிவங்களையும் வைத்துக்கொள்ளும் பாஷாங்க ராகங்கள் நம்மிடம் உண்டு. பைரவியில் இரண்டு தைவதமும் வருகின்றன. இந்துஸ்தானி லலித்தில் இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்தே வரும், பஞ்சமமும் கிடையாது. இருந்தும் லலித்தின் ஸட்ஜம் எங்கே என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. சிக்கல் எண்ணிக்கையில் இல்லை. அது வேறிடத்தில் இருக்கிறது.

என் தொழில் கணினி. அதனால் இதை அந்தக் கண்ணாடி வழியாகவே பார்க்கிறேன். ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு இடங்களையும் வரிசையாக எழுதி, ஸ்வரம் உள்ள இடத்தில் 1, இல்லாத இடத்தில் 0 போடுங்கள். டிமினிஷ்ட் ஸ்கேல் 110110110110 என்று வரும். 110 என்ற துண்டு நான்கு முறை. இப்போது கிரக பேதம் செய்து பாருங்கள். அதாவது ஸ்வரங்களை அப்படியே வைத்துக்கொண்டு ஸட்ஜத்தை மட்டும் இடம் மாற்றுங்கள். மேசகல்யாணியில் இதைச் செய்தால் சங்கராபரணம், ஹரிகாம்போதி, நடபைரவி, கரகரப்ரியா, தோடி என்று ஐந்து புது மேளங்கள் கதவைத் திறந்துகொண்டு வருகின்றன. பாடகர்கள் கச்சேரி நடுவே ஒரு கணம் ஆதாரத்தை நகர்த்திக் காட்டி நம்மைத் திடுக்கிட வைப்பதன் ரகசியம் இதுதான். டிமினிஷ்ட் ஸ்கேலில் எட்டு ஸ்வரங்களையும் ஒவ்வொன்றாக ஸட்ஜமாக்கிப் பார்த்தாலும் கிடைப்பது இரண்டே வடிவங்கள். ஸட்ஜத்திலிருந்து க2க்கு நகர்ந்தாலும், ம2க்கு நகர்ந்தாலும், த2க்கு நகர்ந்தாலும் பழைய படமே. பன்னிரண்டு கட்டைகளிலும் தனித்தனியாகச் சாதகம் செய்யவேண்டிய மற்ற ஸ்கேல்கள்போல் இல்லாமல், உலகத்தில் மொத்தம் மூன்றே மூன்று டிமினிஷ்ட் ஸ்கேல்கள்தான் இருக்கின்றன. (மாணவர்களுக்கு இது நற்செய்தி.)

இதன் விளைவை யோசித்துப் பார்க்கவேண்டும். கல்யாணியின் ஸ்வரங்களை ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எங்கிருந்து தொடங்கி வாசித்தாலும், சிறிது நேரத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று காது கண்டுபிடித்துவிடும். இடைவெளிகள் ஏற்றத்தாழ்வாக அமைந்திருப்பதால்தான் அது முடிகிறது. இந்த எட்டு ஸ்வரங்களில் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. ஒரே மாதிரிக் கட்டிய நான்கு தெருக்கள் கூடும் முச்சந்தி இல்லாத ஊர் மாதிரி. அடையாளம் சொல்ல ஒரு கோவில் கோபுரம் கூடத் தெரியாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். ஆறு ஸ்வரங்களும் சம இடைவெளியில் நிற்கும் ஸ ரி2 க3 ம2 த1 நி2 என்ற அமைப்பும் இதேபோலச் சமச்சீரானதுதானே? அதற்குக் கோப்ரியா என்ற பெயரே உண்டே, ரிஷபப்ரியாவின் ஜன்யமாக? உண்மை. சமச்சீரான ஒன்றையும் ராகமாக்க முடியும். அங்கே ஆதாரத்தைத் தருவது ஸ்வரங்கள் அல்ல, பின்னால் ஒலிக்கும் தம்புரா. தம்புரா எதையும் கட்டிப்போட்டுவிடும். நாளை யாராவது ஒருவர் எட்டு ஸ்வர டிமினிஷ்ட் ஸ்கேலையும் தம்புராவில் கட்டி ஆலாபனை செய்தால் தடுப்பார் யாருமில்லை. ஆனால் அப்போது அது ஜாஸில் செய்கிற வேலையைச் செய்யாது. அந்த வேலை என்ன என்பதற்கு வருவதற்குமுன் இன்னும் ஒரு பொறியியல் கணக்கு.

ஸட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இயற்கையான விகிதம் 6/5. தம்புராவோடு ஒட்டிப் பாடினால் குரல் அங்கேதான் போய் நிற்கும். நான்கு முறை இந்த இடைவெளியை ஏறினால் மேல் ஸட்ஜம் வரவேண்டும் என்பதுதான் மேலே சொன்ன சமச்சீரின் அடிப்படை. ஆனால் 6/5ஐ நான்கு முறை பெருக்கினால் வருவது 2.0736. மேல் ஸட்ஜம் 2. ஒரு அரை ஸ்வரத்தை 100 சென்ட் என்று வைத்துக்கொண்டால், சுமார் 63 சென்ட் அதிகம். அரை ஸ்வரத்தில் பாதிக்கு மேல் தவறிவிட்டது. சுத்தமான சுருதியில் இந்த வட்டம் மூடவே மூடாது. பன்னிரண்டு இடங்களையும் சமமாகப் பங்கிட்டு, ஒவ்வொரு காந்தாரத்தையும் கொஞ்சம் கீழே இறக்கிச் சுருதி சேர்த்த பியானோ போன்ற வாத்தியத்தில்தான் அது மூடும். ஆக டிமினிஷ்ட் ஸ்கேல், குரலிலிருந்து பிறந்ததல்ல, கட்டைகளிலிருந்து பிறந்தது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிவைத்து, எழுபதுகளின் தொடக்கம்வரை அந்தத் தடையைப் பிடித்துக்கொண்டிருந்ததன் பின்னால் இருந்ததும் கட்டைச் சுருதி பற்றிய இதே கவலைதான். அந்தத் தடையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கவலை வெறும் ஆசாரம் அல்ல, அதில் கணக்கு இருந்தது.

வரலாறு சுருக்கமாக. ருஷ்யாவின் ரிம்ஸ்கி-கோர்சகோவ் இதை விரும்பிக் கையாண்டார். அந்நாட்டில் அவர் பெயராலேயே இந்த ஸ்கேலை அழைப்பதுண்டு. அவருடைய மாணவர் ஸ்ட்ராவின்ஸ்கி 1911இல் பெட்ருஷ்காவில் ஒரு மேஜர் கார்டையும் அதற்கு நேர் எதிரே நிற்கும் இன்னொரு மேஜர் கார்டையும் ஒன்றாக மோதவிட்டார். இரண்டும் ஒரே டிமினிஷ்ட் ஸ்கேலுக்குள் அடங்குபவை. பிரான்சின் மெஸ்ஸியான், சில முறைகளுக்குமேல் இடம் மாற்ற முடியாத ஸ்கேல்கள் என்று ஒரு பட்டியல் போட்டு 1944இல் வெளியிட்டபோது, அதில் இரண்டாவதாக இது இடம்பெற்றது. (இதே மெஸ்ஸியான்தான் சார்ங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்தில் உள்ள 120 தேசி தாளங்களில் மூழ்கிக் கிடந்தவர். நம் ஸ்வரங்களைவிட நம் தாளங்கள் அவருக்குப் பயன்பட்டன என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.) நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி 1947இல் வெளியிட்ட ஸ்கேல்களின் களஞ்சியம் ஸ்தாயியைச் சம பாகங்களாக வெட்டி எத்தனை விதமாக நிரப்பலாம் என்று பக்கம் பக்கமாக அடுக்கியது. ஜான் கோல்ட்ரேன் அதை வைத்துச் சாதகம் செய்தார் என்பது ஜாஸ் உலகில் எல்லோரும் அறிந்தது.

இனி வேலைக்கு வருவோம்.

ஜாஸ் தனி வாசிப்பு, திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு கார்ட் வரிசையின்மேல் நடக்கிறது. பன்னிரண்டு பாரோ முப்பத்திரண்டு பாரோ கொண்ட ஒரு பெரிய ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள் பல இடங்களில் வீட்டைவிட்டு வெளியே போய், வீட்டுக்குத் திரும்பும் சிறு பயணங்கள் இருக்கும். திரும்புவதற்கு முந்திய கார்ட் பெரும்பாலும் பஞ்சமத்தின்மேல் கட்டியது: ப நி3 ரி2 ம1. இதில் நி3 ஸட்ஜத்துக்கு ஏறத் துடிக்கும். ம1 காந்தாரத்துக்கு இறங்கத் துடிக்கும். மேற்கத்திய இசையின் எஞ்சின் இந்த இழுப்புதான். அந்தப் பஞ்சமக் கார்டின்மேல் பஞ்சமத்தில் தொடங்கும் டிமினிஷ்ட் ஸ்கேலை வாசிப்பது ஜாஸ் வழக்கம். வீட்டு ஸட்ஜத்திலிருந்து பார்த்தால் அதன் ஸ்வரங்கள் இவை: ப த1 நி2 நி3 ரி1 ரி2 க3 ம1.

இந்த வரிசையை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். இரண்டு நிஷாதமும் இருக்கிறது. இரண்டு ரிஷபமும் இருக்கிறது. ஸட்ஜத்தின் இந்தப் பக்கத்து வீடும் அந்தப் பக்கத்து வீடும் இருக்கின்றன. ஸட்ஜம் மட்டும் இல்லை. வீட்டுக்குள் நுழைவதற்குச் சற்றுமுன், வீட்டைச் சுற்றி எல்லா இடத்தையும் மிதித்துவிட்டு, வாசலை மட்டும் தொடாமல் விடுகிற ஒரு ஸ்கேல். அடுத்த பாரின் முதல் அடியில் ஸட்ஜமோ காந்தாரமோ விழும்போது காதுக்குக் கிடைக்கிற நிம்மதி அதனால்தான் அவ்வளவு பெரிதாக இருக்கிறது.

வேறு எவையெல்லாம் விடுபட்டிருக்கின்றன என்று பார்த்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. ஸ, க2, ம2, த2 ஆகிய நான்கும் இல்லை. அதே எட்டு ஸ்வரங்களுக்குள், சமச்சீர் காரணமாக, பஞ்சமக் கார்டைப் போலவே இன்னும் மூன்று கார்டுகள் ஒளிந்திருக்கின்றன: நி2வின்மேல் ஒன்று, ரி1இன்மேல் ஒன்று, க3இன்மேல் ஒன்று. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வீட்டுக்கு அழைத்துப்போகும். நி2 கார்ட் க2வை வீடாக்கும். ரி1 கார்ட் ம2வை வீடாக்கும். க3 கார்ட் த2வை வீடாக்கும். பஞ்சமக் கார்ட் ஸட்ஜத்துக்கு. ஆக நான்கு வீடுகளுக்கும் சமமான வழி இருக்கிறது; நான்கு வீடுகளில் ஒன்றுகூட ஸ்கேலுக்குள் இல்லை. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை. விசா அலுவலக வரிசையில் நிற்கிற எவருக்கும் இந்த ஸ்கேல் சட்டெனப் புரியும் என்று நினைக்கிறேன்.

டெட்ராய்ட்டில் பிறந்த பியானோ ஆசான் பேரி ஹாரிஸ் (1929-2021) இதையே வேறு முனையிலிருந்து கற்பித்தார். பன்னிரண்டு ஸ்வரங்களை மூன்று டிமினிஷ்ட் கார்டுகளாகப் பிரிக்கலாம், ஒவ்வொன்றிலும் நான்கு ஸ்வரங்கள். அந்த நான்கில் ஏதேனும் ஒன்றை மட்டும் அரை ஸ்வரம் இறக்கினால், இறக்கிய ஸ்வரத்தை மூலமாகக் கொண்ட ஒரு 'பஞ்சமக் கார்ட்' பிறக்கும். மூன்று நான்கு பன்னிரண்டு. எல்லாக் கார்டுகளும் ஆயிற்று. ஸ்கேலை மனப்பாடம் செய்வதைவிட இப்படி விரலால் கண்டுபிடிப்பது பிள்ளைகளுக்கு நன்றாகப் பதியும்.

வீடு மைனராக இருந்தால் ஒரு எச்சரிக்கை தேவை. மேலே சொன்ன எட்டில் க3 இருக்கிறது. மைனர் வீட்டில் இருப்பதோ க2. க3ஐ அழுத்தி ஒலித்துவிட்டு அடுத்த அடியில் க2வில் நுழைவது எல்லா இடத்திலும் ருசிக்காது. எனவே மைனருக்குத் திரும்பும்போது பலர் வீட்டின் கீரவாணியையோ வேறு ஸ்கேலையோ எடுத்துக்கொள்வார்கள். எலிங்டன் குழுவில் டிராம்போன் வாசித்த ஹுவான் டிசோல் இயற்றிய 'காரவான்' என்ற உருப்படியில், பல்லவிபோல வரும் பதினாறு பாரில் பன்னிரண்டு பார் இந்தப் பஞ்சமக் கார்டிலேயே காத்திருந்து, கடைசி நாலு பாரில்தான் மைனர் வீட்டுக்கு வரும். கலைஞர்கள் அந்த நீண்ட காத்திருப்பில் டிமினிஷ்டுக்குள் போவதையும், வீடு நெருங்கும்போது மாறுவதையும் வெவ்வேறு பதிவுகளில் ஒப்பிட்டுக் கேட்கலாம். பள்ளிக் குழுக்களில் அதிகம் வாசிக்கப்படும் பன்னிரண்டு பார் புளூஸில், நாலாவது பார் இதற்கு வாகான இடம். அங்கே ஸட்ஜக் கார்ட் ஒரு கணம் பஞ்சம வேஷம் போட்டு, ஐந்தாவது பாரில் மத்யமத்துக்கு இழுக்கிறது.

பிள்ளைகள் செய்கிற தவறு பெரும்பாலும் ஒன்றே. தாளில் கொடுத்த ஸ்கேலைச் சரளி வரிசைபோல மேலும் கீழும் ஓட்டுவது. மற்ற ஸ்கேல்களில் இப்படி ஓட்டினாலும் ஏதோ ஒரு ராகச் சாயல் காப்பாற்றும். இங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. பழைய கறுப்பு-வெள்ளைப் படத்தில் பேய் பங்களாக் கதவு திறக்கும்போது வருகிற வாத்திய ஓட்டம் போலவே இருக்கும். சமச்சீரின் இன்னொரு ஆபத்து, எந்தச் சொற்கட்டையும் மூன்று அரை ஸ்வரம் நகர்த்தி அப்படியே மறுபடி வாசிக்கலாம் என்பது. எங்கள் தொழிலில் வெட்டி ஒட்டுதல் என்போம். இரண்டு முறை நகர்த்தினால் கேட்பவர் ஆர்வத்தோடு நிமிர்வார், மூன்றாவது முறை தலையாட்டுவார், நான்காவது முறை கடிகாரத்தைப் பார்ப்பார். தேர்ந்தவர்கள் பலர் இந்த எட்டுக்குள் ஒளிந்திருக்கும் நான்கு மேஜர் கார்டுகளை (ப, நி2, ரி1, க3 ஆகியவற்றில் தொடங்குபவை) எடுத்து அவற்றைக் கோத்து வாசிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் தனியாகக் கேட்டால் இனிமையானது, பழகியது. அடுத்த துண்டுதான் எங்கிருந்து வந்தது என்று புரியாது. இனிமையும் திசைதடுமாற்றமும் சேர்ந்து வருவதால், வெறும் ஓட்டத்தில் கிடைக்காத ஒரு பேச்சுத்தன்மை வருகிறது.

நம் சங்கீதத்தில் இதற்கு நிகரானது எது என்று கேட்டால், ராகங்களுக்குள் தேடுவது வீண் என்றே நினைக்கிறேன். தாளத்தில் தேடவேண்டும். கல்பனாஸ்வரத்தின் முடிவில் வைக்கும் கோர்வையை எண்ணிப் பாருங்கள். ஆதி தாளம் நான்கு நான்காக நடந்துகொண்டிருக்க, பாடகர் ஐந்திலோ ஏழிலோ சொற்களை அடுக்கி மூன்று முறை வைக்கிறார். கையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவருக்கே ஒரு கணம் கலங்கும். எந்த அடியில் நிற்கிறோம் என்பது தெரியாமல் போய், எடுப்பில் எல்லாம் ஒன்றாக வந்து விழுகிறது; சபை மூச்சுவிடுகிறது. டிமினிஷ்ட் ஸ்கேல் செய்வது இதையேதான், ஸ்வரத்தில். பன்னிரண்டு இடங்களை மும்மூன்றாக வெட்டிக் காதின் கணக்கைக் குலைத்து, பிறகு சேர்த்துவைக்கிறது. நாம் ஆதார ஸட்ஜத்தை அசையாமல் வைத்துக்கொண்டு காலத்தில் விளையாடுகிறோம். ஜாஸ் காலத்திலும் விளையாடும், ஆதாரத்தையும் நகர்த்தும்.

இதனால்தானோ என்னவோ, இரண்டு சங்கீதங்களும் சந்தித்த நல்ல சந்தர்ப்பங்களில் டிமினிஷ்ட் ஸ்கேல் பெரும்பாலும் செருப்போடு வாசலில் விடப்பட்டிருக்கிறது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்ற ஜான் மெக்லாக்லின், எழுபதுகளில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு 'சக்தி' அமைத்தபோது, கார்ட் மாற்றங்களை வெகுவாகக் குறைத்துவிட்டார். கிட்டாரின் தண்டைக் குடைந்து கமகத்துக்கு வழி செய்து, தம்புராபோல ஒலிக்க ஏழு துணைத் தந்திகளையும் பொருத்திக்கொண்டார். துணைத் தந்தி ஒலிக்கும் இடத்தில் ஸட்ஜம் இல்லாத எட்டு ஸ்வரங்களுக்கு வேலை ஏது? ஆஸ்திரேலியாவில் பால் கிராபவ்ஸ்கி 1994இல் தொடங்கிய ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்க்கெஸ்ட்ரா, மிருதங்க வித்வான் காரைக்குடி மணியோடும் அவருடைய சுருதிலயா குழுவோடும் சேர்ந்து 'இன்டு த ஃபயர்' என்ற படைப்பை உருவாக்கியது. இரு தரப்பும் கைகுலுக்கிய இடம் லயம்தான். மணி 2023இல் மறைந்தார். ஜாஸ்காரர்கள் பித்தளை வாத்தியங்களில் கோர்வை வாசிக்கும் அந்த இசை பதிவாக இருக்கிறது, தேடிக் கேட்கவேண்டியது. மெஸ்ஸியான் எடுத்துக்கொண்டதும் தாளத்தைத்தான் என்று முன்பே சொன்னேன்.

இது ஒரு வகை நாகரிகமான ஒப்பந்தம். குறை சொல்லவில்லை. ஆனால் கார்ட் மாற்றங்களோடு கூடிய ஜாஸை முழுதாக ஏற்றுக்கொண்டு, கமகத்தையும் விடாமல் வைத்திருப்பது வேறு வகைத் துணிச்சல். ஐ.ஐ.டி. சென்னையில் பொறியியல் படித்து, பாஸ்டனின் பெர்க்லி இசைக்கல்லூரியிலும் பட்டம் பெற்ற கிட்டார் கலைஞர் பிரசன்னா அப்படிப்பட்டவர். அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், தபலா வாசிக்கும் நிதின் மிட்டா ஆகியோரோடு அவர் வெளியிட்ட 'தீர்த்தா' (2011) இசைத்தட்டில் வழுக்க முடியாத பியானோவும் வழுக்கிக்கொண்டே இருக்கும் கிட்டாரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. சுருதிக் கணக்கில் மேலே சொன்ன 63 சென்ட் தகராறை இரு தரப்பும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனித்துக் கேட்பதே ஒரு பாடம்.

பிள்ளையின் சுருதி கெட்டுவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. அந்த அச்சத்தைச் சிரித்து ஒதுக்கக்கூடாது. கட்டைச் சுருதியிலேயே பல மணி நேரம் ஊறுகிற காது, தோடியின் காந்தாரத்தைப் புள்ளியாகக் கேட்க ஆரம்பித்துவிடும் என்பது நடக்கக்கூடியதே. அதற்கு மருந்து ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடிப்பது அல்ல. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வித்தியாசத்தை வாய்விட்டுச் சொல்லவைப்பதுதான். வீட்டில் செய்துபார்க்க ஒரு பயிற்சி தருகிறேன்.

சுருதிப்பெட்டியை ஒரு கட்டையில் வையுங்கள். கீபோர்டில் ஐந்து கட்டையில் ஆரம்பித்து ப த1 நி2 நி3 ரி1 ரி2 க3 ம1 என்று மெதுவாக ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஸ்வரமும் பெட்டியோடு எப்படி உரசுகிறது என்று பிள்ளை சொல்லட்டும். ரி1இலும் நி3இலும் முகம் சுளிக்கும். பிறகு பெட்டியை நிறுத்திவிடுங்கள். இடது கையில் ப நி3 ரி2 ம1 கார்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் அதே எட்டு. இப்போது உரசல் போய், அதே ரி1 எங்கோ போகத் தவிப்பதாகக் கேட்கும். எட்டில் நான்கைந்தை மட்டும் வைத்து இரண்டு பாருக்கு ஒரு சிறு சொற்கட்டு அமைத்து, ரி1இலோ நி3இலோ முடித்து, மூன்றாவது பாரின் முதல் அடியில் ஸ க3 ப என்று இறங்கட்டும். இது கை வந்தபின், கடைசியில் ஸட்ஜத்துக்குப் பதிலாகக் க2, ம2, த2 என்று மற்ற மூன்று வீடுகளிலும் இறங்கிப் பார்க்கலாம். வலது கையில் எதையும் மாற்றவேண்டாம், இடது கைக் கார்ட் மட்டும் மாறினால் போதும். நான்காவது வீட்டில் இறங்கியதும் சுருதிப்பெட்டியை மறுபடி போடுங்கள்.